நூறு மீட்டரை எழுபதாக்கும் கண்ணாடி

மார்கழி, தை மாதங்களில் ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி போகிறவர்கள், கோதண்டராமர் கோயிலுக்குத் திரும்பும் இடத்தை ஒட்டி வண்டியை ஓரங்கட்டி நிற்பதைப் பார்க்கலாம். சேறும் உப்புமாய்ப் பரந்து கிடக்கும் தண்ணீருக்கு நடுவே வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு கோடு தெரியும். பூநாரைகள். கையில் 100-400 மி.மீ. ஜூம் லென்ஸ் இருக்கிறது, 400 வரை நீட்டியும் ஆயிற்று. படத்தைத் திருப்பிப் பார்த்தால் தண்ணீரில் தீக்குச்சி நட்டு வைத்த மாதிரி இருக்கும். அப்போது பக்கத்தில் நிற்பவர் யாராவது சொல்வார்: "ஒரு கன்வெர்ட்டர் போட்டா சரியாப் போயிரும் தம்பி."

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டிப் படத்தைப் பெரிதாக்கும் அந்தக் கண்ணாடிக் குழாயைப் போட்டால் சரியாகப் போகுமா என்பதுதான் இந்தக் கட்டுரை. கேமரா புதிதாய் வாங்கி, இந்தக் கரையில் பறவை எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். பழைய கைகள் கானல் பற்றிய பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

முதலில் ஒரு கணக்கு. பூநாரை நிமிர்ந்து நின்றால் ஒன்றேகால் மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டர் தள்ளி நிற்கிறது. 400 மி.மீ. லென்ஸ் அதைச் சென்சாரின் (கேமராவுக்குள் படம் பதியும் தகடு) மேல் 5 மி.மீ. உயரப் பிம்பமாக விழவைக்கும். முழு ஃப்ரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சாரின் உயரம் 24 மி.மீ. அதாவது படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் பறவை, மிச்சமெல்லாம் தண்ணீரும் வானமும். 24 மெகாபிக்சல் கேமராவில் அந்தப் பறவைக்குக் கிடைப்பது உயரவாட்டில் சுமார் 830 பிக்சல். 1.4 மடங்கு கன்வெர்ட்டர் போட்டால் பிம்பம் 7 மி.மீ. ஆகும், 1,160 பிக்சல் கிடைக்கும். 2 மடங்கு போட்டால் 10 மி.மீ. இன்னொரு விதமாகச் சொன்னால், 1.4 போட்டால் நூறு மீட்டரில் நின்றுகொண்டு எழுபது மீட்டரில் நிற்பவன் எடுக்கும் படத்தை எடுக்கலாம்.

முப்பது மீட்டர் நடந்து போய்விடலாமே என்று தோன்றும். முடியாது. கால் முழங்கால் வரை சேற்றில் இறங்கும், அதற்குள் பறவை எழும்பிவிடும். அது மட்டுமல்ல, 2025 ஜூனில் தனுஷ்கோடியின் இந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்துவிட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அங்கேயும் நினைத்தபடி இறங்கித் திரிய வழியில்லை. இந்தக் கரையில் தூரத்தைக் காலால் குறைக்க முடியாது, கண்ணாடியால்தான் குறைக்க வேண்டும். கன்வெர்ட்டர் பேச்சு இங்கே அடிக்கடி அடிபடுவதற்குக் காரணம் அதுதான்.

ஒரே கரண்டி மாவு

டெலிகன்வெர்ட்டர் என்பது கேமரா பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் ஒரு குட்டைக் குழாய். கேனான் இதையே எக்ஸ்டெண்டர் என்று அழைக்கிறது. உள்ளே சில கண்ணாடிகள் சேர்ந்து ஒரு குழி லென்ஸாக வேலை செய்கின்றன. முன்னால் இருக்கும் லென்ஸ் சென்சார் மேல் ஒரு பிம்பத்தை விழவைக்கப் போகிறது அல்லவா, அதன் நடுப்பகுதியை மட்டும் எடுத்துச் சென்சார் முழுக்க விரிப்பதுதான் இதன் வேலை. புதிதாக எதையும் அது பார்ப்பதில்லை. முன் லென்ஸ் கொண்டுவந்து கொடுத்ததைப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான்.

விரித்தால் மெலியும். தோசைக் கல்லில் ஒரே கரண்டி மாவைச் சின்ன வட்டமாக விட்டால் ஊத்தப்பம், பெரிதாக இழுத்தால் காகிதம். 1.4 மடங்கு கன்வெர்ட்டர் பிம்பத்தை அகலத்திலும் 1.4, உயரத்திலும் 1.4 மடங்காக விரிக்கிறது. 1.4-ஐ 1.4-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2. அதே வெளிச்சம் இரண்டு மடங்கு பரப்பில் பரவுவதால் ஒவ்வொரு புள்ளிக்கும் பாதிதான் மிஞ்சும். இந்தப் பாதியைத்தான் புகைப்படக்காரர்கள் 'ஒரு ஸ்டாப்' என்கிறார்கள். 2 மடங்கு கன்வெர்ட்டரில் பரப்பு நான்கு மடங்கு, வெளிச்சம் கால்வாசி, போவது இரண்டு ஸ்டாப்.

எஃப் எண்ணும் இதே கதையைத்தான் சொல்கிறது. லென்ஸின் குவியத்தூரம், அதாவது அதன் மி.மீ. கணக்கு, வெளிச்சம் நுழையும் வாசலைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் எஃப் எண். 400 மி.மீ. லென்ஸ் எஃப் 5.6 என்றால், 400-ஐ 5.6-ஆல் வகுத்தால் 71. அதாவது வெளிச்சம் நுழையும் வாசல் 71 மி.மீ. அகலம். கன்வெர்ட்டர் பின்னால் மாட்டப்படுவதால் முன்வாசல் மாறுவதில்லை, ஆனால் குவியத்தூரம் 560 ஆகிவிட்டது. 560-ஐ 71-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8. அதனால் எஃப் 5.6 லென்ஸ் எஃப் 8 லென்ஸாகிறது. 2 மடங்கில் 800, எஃப் 11. ஜூம் லென்ஸில் இரண்டு முனையும் இப்படி நகரும். கேனானின் 100-400 எஃப் 4.5-5.6 லென்ஸ், 1.4 போட்டால் 140-560 எஃப் 6.3-8 ஆகும். சோனியின் 200-600 எஃப் 5.6-6.3 லென்ஸ் 280-840 எஃப் 8-9 ஆகும்.

மாறாத ஒன்றும் உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் செய்யுமோ அந்தத் தூரம் அப்படியே இருக்கும். கேனான் 100-400-இன் இரண்டாம் பதிப்பு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் ஃபோகஸ் பிடித்து, பொருளை 0.31 மடங்கு அளவில் சென்சாரில் பதிக்கும். 1.4 போட்டால் அதே தூரத்தில் 0.43 மடங்கு. தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனை மணலில் வளைவிட்டு வளைக்கு ஓடும் நண்டின் காம்புக் கண்ணை எடுக்க இதைவிட வசதி வேறில்லை. குப்புறப் படுக்க வேண்டும். சட்டை போனது போனதுதான்.

வெளிச்சம் இருக்கிறது, காற்றுதான் இல்லை

ஒரு ஸ்டாப் போகிறதே என்று காட்டில் புலி எடுப்பவர் கவலைப்படலாம். நம் கரையில் அது அவ்வளவு பெரிய கவலையில்லை. நல்ல வெயிலில் எஃப் 16, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) நூறில் ஒரு விநாடி என்பது பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு. அதையே எஃப் 8-க்கு மாற்றினால் ஐ.எஸ்.ஓ. 400-இல் 1,600-இல் ஒரு விநாடி கிடைக்கும். பறக்கும் ஆலாவை உறைய வைக்க அது போதும். காலையில் வெளிச்சம் நாலில் ஒரு பங்காக இருக்கும்போதுகூட ஐ.எஸ்.ஓ.-வை 1,600-க்கு ஏற்றினால் அதே ஷட்டர் கைக்கு வரும். இன்றைய கேமராக்கள் அதைத் தாங்கும். இங்கே வெண்மணலும் தண்ணீரும் வேறு கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கின்றன.

இங்கே பஞ்சம் தெளிந்த காற்றுக்குத்தான். வெயில் ஏற ஏற மணல் கொதிக்கும். மணலை ஒட்டிய காற்று சூடாகி மேலெழும், குளிர்ந்த காற்று கீழிறங்கும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால், அந்தக் கலவை வழியாக வரும் பிம்பம் நெளியும். நாம் கானல் என்று சொல்வது இதைத்தான். பூநாரையின் கழுத்து பாம்பாக நெளிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கன்வெர்ட்டர் பறவையை 1.4 மடங்கு பெரிதாக்கும்போது நெளிவையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். ஷட்டரை எவ்வளவு வேகமாக்கினாலும் இது தீராது. நெளிந்த நிலையிலேயே உறைந்த பறவைதான் கிடைக்கும். லட்ச ரூபாய் லென்ஸும் இதன் முன் ஒன்றும் செய்ய முடியாது.

என் அனுபவத்தில் தனுஷ்கோடிச் சாலையில் சூரியன் உதித்து ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான் கன்வெர்ட்டருக்கு உருப்படியான நேரம். ஒன்பது மணி தாண்டினால் கழற்றிப் பையில் வைத்துவிடுவேன். எண்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் எதையும் அதன் பிறகு எடுப்பதில்லை, தெரிந்தே நாளைக் கெடுத்துக்கொள்வானேன். மழை பெய்து மணல் குளிர்ந்த நாளிலும் மேகம் மூடிய நாளிலும் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

திசையும் முக்கியம். தனுஷ்கோடி முனை தென்கிழக்காக நீள்கிறது. மார்கழியில் சூரியன் உதிப்பதும் ஏறக்குறைய அந்தத் திசையில்தான். ஆகவே அரிச்சல்முனைக்குப் போகும்போது வெயில் முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் விழும். கன்வெர்ட்டர் போட்ட லென்ஸ் எதிர்வெயிலில் சீக்கிரம் வெளுத்துப் போகும், ஏனென்றால் ஒளி தெறிக்க இன்னும் சில கண்ணாடிகள் கூடியிருக்கின்றன. இருட்டோடு முனைக்குப் போய்விட்டு, விடிந்ததும் பொறுமையாகத் திரும்பி வந்தபடி எடுப்பது என் வழக்கம். வடக்கே பெண்கடல் என்கிற பாக் நீரிணைப் பக்கம் தண்ணீர் தட்டுப் போலக் கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல், அலையடிக்கும். பெண்கடல் ஓரத்துச் சேற்றில்தான் உள்ளான்களும், அதிர்ஷ்டம் இருந்தால் கருப்பு வெள்ளை நண்டுதின்னிகளும் இரை தேடிக்கொண்டிருக்கும்.

ஃபோகஸ் ஏன் தடுமாறுகிறது

நான் முதலில் வாங்கியது 2 மடங்கு கன்வெர்ட்டர். ஒன்றரை மடங்கு விலைக்கு இரண்டு மடங்கு கிடைக்கிறதே என்ற கணக்கு. பழையது விற்கும் கடை ஒன்றில் வாங்கினேன், மறுநாள் விடியற்காலையே தனுஷ்கோடி. எஃப் 5.6 லென்ஸ் எஃப் 11 ஆனதும் என் கேமரா ஃபோகஸ் பிடிப்பதையே நிறுத்திவிட்டது. வ்யூஃபைண்டரில் அந்தி மாதிரி இருட்டு. கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டு கடற்காகங்களைத் துரத்தினேன். கரைவலை இழுத்து முடித்துக் கயிறு சுற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கிட்டே வந்து, "என்ன தம்பி, பீரங்கிக்கு மருந்து தீந்துபோச்சா?" என்றார். அன்று எடுத்த நானூற்றுச் சொச்சம் படங்களில் மூன்று தேறின. மூன்றிலும் பறவை உட்கார்ந்திருந்தது.

காரணம் இது. கண்ணாடி மேலெழும் பழைய வகை டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் ஃபோகஸுக்கென்று தனிச் சென்சார் உண்டு. லென்ஸின் இரு ஓரங்கள் வழியாக வரும் ஒளியை ஒப்பிட்டு அது தூரத்தைக் கணிக்கிறது. அந்த இரு ஓரங்களும் எஃப் 5.6 அகலத்துக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துத்தான் பெரும்பாலான கேமராக்கள் கட்டப்பட்டன. எஃப் எண் அதைவிட ஏறினால் ஓரத்து ஒளி அடைபட்டுவிடும், சென்சார் குருடாகும். கேனான் 7டி மார்க் 2, நிக்கான் டி500 போன்ற சில கேமராக்கள் எஃப் 8 வரை தாங்கும், அதுவும் எல்லாப் புள்ளிகளிலும் அல்ல. அந்தக் கண்ணாடி இல்லாத இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் படமெடுக்கும் சென்சாரிலேயே ஃபோகஸ் பார்ப்பதால் எஃப் 9, எஃப் 11-இலும் பிடித்துவிடுகின்றன. பறவை எடுக்கிறவர்கள் பலர் மிரர்லெஸுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிடிக்கும் என்றாலும் வேகம் குறையும். டி.எஸ்.எல்.ஆர்.-க்கான கேனானின் ஈ.எஃப். வகை லென்ஸ்களில் 1.4 போட்டால் ஃபோகஸ் மோட்டார் பாதி வேகத்தில், 2 மடங்கு போட்டால் கால்வாசி வேகத்தில் ஓடும்படி அந்த நிறுவனமே அமைத்திருக்கிறது. துல்லியம் குறையாமல் இருக்க இந்த ஏற்பாடு. நின்று இரை தேடும் பூநாரைக்கு இது பொருட்டில்லை. பாம்பனில் மீன் இறங்கும் இடத்தில் சட்டென்று தாழ்ந்து குடலைக் கவ்விப் போகும் செம்பருந்துக்கு இது பெரிய பொருட்டு. அங்கே பருந்து தலைக்கு மேல் பத்து மீட்டரில் சுற்றுகிறது, கன்வெர்ட்டரே வேண்டாம், 200 மி.மீ. கூட அதிகம். (பருந்து என்றதும் ஒன்று: உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருக்கிறது. அந்தப் பக்கம் நீள லென்ஸைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். அந்தப் பருந்து படம் எடுப்பதற்கல்ல.)

ஆழமும் குறையும். அதே தூரத்தில் நின்று 1.4 போட்டால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய முக்கால் பங்காகச் சுருங்கும். முன்னால் நிற்கும் பறவையின் கண் தெளிவாகி, இரண்டு எட்டு பின்னால் நிற்கும் பறவை மங்குவது இதனால்தான். கை நடுக்கமும் 1.4 மடங்கு பெரிதாகத் தெரியும். வாடைக்காற்று அடிக்கும் நாளில் ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களை அகட்டி, கேமராப் பையையே அதில் கட்டித் தொங்கவிடுங்கள். காரங்காட்டு அலையாத்திக் காட்டில் படகிலிருந்து எடுப்பதாக இருந்தால் ட்ரைபாடும் உதவாது, படகு ஆடும். அங்கே கன்வெர்ட்டரைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. மர நிழலில் அந்த ஒரு ஸ்டாப் வெளிச்சம் வேண்டியிருக்கும்.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி. கன்வெர்ட்டர் போடாமல் எடுத்து, கம்ப்யூட்டரில் வெட்டிப் பெரிதாக்கினால் அதே படம் வராதா? சில நேரம் வரும். 1.4 மடங்கு வெட்டினால் பிக்சலில் பாதி போய்விடும், 24 மெகாபிக்சல் 12 ஆகும். கன்வெர்ட்டர் அந்த 24-ஐயும் வைத்துக்கொள்ளும், ஆனால் லென்ஸ் கொடுத்த விவரம் கூர்மையாக இருந்தால்தான் கூடுதல் பிக்சலுக்குப் பொருள் உண்டு. ஜூம் லென்ஸ்கள் பலவற்றுக்கு நீண்ட முனைதான் பலவீனமான முனை, நாம் கன்வெர்ட்டர் போடுவதும் அந்த முனைக்காகவே. 400 மி.மீ.-இல் ஏற்கெனவே சற்று மங்கலான லென்ஸ், 560-இல் பெரிய மங்கலைத்தான் தரும். எஃப் 8-இல் இன்னொரு சங்கதி: எஃப் எண் ஏறும்போது ஒளி வாசலின் ஓரங்களில் வளைந்து, ஒரு புள்ளி ஒரு சின்ன வட்டமாகப் பரவும். எஃப் 8-இல் அந்த வட்டம் சுமார் 11 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு). 24 மெகாபிக்சல் முழு ஃப்ரேமில் ஒரு பிக்சல் 6 மைக்ரான், அதே 24 மெகாபிக்சல் சின்னச் சென்சாரில் 4 மைக்ரானுக்கும் சற்றுக் குறைவு. ஆகவே முழு ஃப்ரேம் வைத்திருப்பவருக்குக் கன்வெர்ட்டர் கொடுக்கும் லாபம், க்ராப் எனப்படும் அந்தச் சின்னச் சென்சார் வைத்திருப்பவருக்குக் கிடைக்காது. க்ராப் கேமரா ஏற்கெனவே பிக்சலை நெருக்கி அடுக்கிவைத்து அந்த வேலையைப் பாதி செய்து முடித்துவிட்டது.

எல்லா லென்ஸிலும் கன்வெர்ட்டர் மாட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேமராவோடு பெட்டியில் வரும் 18-55, 55-250 போன்றவற்றை மறந்துவிடுங்கள். கேனான் எக்ஸ்டெண்டரின் முன்கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பின்பக்கம் குழிவாக இருக்கும் லென்ஸில்தான் அது நுழையும். வலுக்கட்டாயமாகத் திருகினால் கண்ணாடியும் கண்ணாடியும் உரசும். மிரர்லெஸுக்கான கேனான் ஆர்.எஃப். 100-500-இல் இன்னொரு விசித்திரம்: லென்ஸை 300-க்கு மேல் நீட்டிய பிறகுதான் எக்ஸ்டெண்டர் உள்ளே போகும், மாட்டியபின் 300-க்குக் கீழே சுருக்கவும் முடியாது. 1.4 போட்டால் 420-700 மட்டும்தான் கையில். 100-இலிருந்து 420 வரை போய்விடுகிறது. ஜூம் வாங்கியதே நீட்டவும் சுருக்கவும்தானே என்று கேட்டால் பதில் இல்லை. டாம்ரான் 150-600-இன் இரண்டாம் பதிப்போ, டி.எஸ்.எல்.ஆர்.-க்கான சிக்மா 150-600-ஓ வைத்திருப்பவர்கள் அதே நிறுவனத்தின் கன்வெர்ட்டரைப் போடலாம். ஆனால் எஃப் 6.3 எஃப் 9 ஆகும், டி.எஸ்.எல்.ஆர். வைத்திருந்தால் வாங்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

தனுஷ்கோடிக் காற்றில் லென்ஸ் மாற்றுவது போல ஒரு முட்டாள்தனம் கிடையாது. கன்வெர்ட்டர் வந்தால் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) இடைவெளி ஒன்றுக்கு இரண்டு, மணல் புக இரண்டு வாசல். அறையிலேயே மாட்டிவிடுவேன், முதலில் கன்வெர்ட்டரை லென்ஸில், பிறகு இரண்டையும் சேர்த்துக் கேமராவில். கழற்றுவதாக இருந்தால் வண்டிக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு. ஏ.சி. அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் கண்ணாடியில் வியர்த்துவிடும். இரண்டு கண்ணாடித் தொகுதி இருப்பதால் உள்ளே படிந்த ஈரம் காய நேரமாகும், பூநாரை அதுவரை காத்திருக்காது. பையை மூடியபடியே அரைமணி வெளியே வைத்தபின் திறவுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கோ நண்பரிடமோ வாங்கிப் பாருங்கள். சோதனைக்குப் பறவை வேண்டாம். பாம்பனிலோ மண்டபத்திலோ விடிந்த கையோடு கரையில் நின்றால், கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளின் பக்கவாட்டில் பதிவு எண் எழுதியிருக்கும். சற்றுத் தள்ளிக் கிடக்கும் படகாகப் பார்த்து, ட்ரைபாடில் வைத்து, கன்வெர்ட்டர் இல்லாமல் எஃப் 5.6-இலும் எஃப் 8-இலும், போட்டுக்கொண்டு எஃப் 8-இலும் எஃப் 11-இலும் நாலைந்து படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துத் திரும்பப் பிடிக்கவையுங்கள். வீட்டில் வந்து, கன்வெர்ட்டர் இல்லாத படத்தை 140 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கன்வெர்ட்டர் படத்தில் எழுத்தின் ஓரம் தெளிவாக இருக்கிறதா, பெயிண்ட் உரிந்த கீறல் கூடுதலாகத் தெரிகிறதா? தெரிந்தால் வாங்கலாம். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு சித்திரங்குடிக்கோ கஞ்சிரங்குளத்துக்கோ நாலு முறை போய் வாருங்கள். அந்தக் கண்மாய்க் கரைகளில் கூடு கட்டும் காலத்தில் நாரைகளுக்கு 400 மி.மீ.-யே போதும்.